மாமல்லபுரமா, பாண்டியா, தரங்கம்பாடியா? மூன்று நாள் லீவுக்கு ஒரு கணக்கு

அக்கா போன் செய்தாள். ஜனவரி 26 திங்கட்கிழமை வருகிறது, சனி ஞாயிறோடு சேர்த்தால் மூன்று நாள் லீவு. "கடலோரமா ஒரு ஊர் சொல்லு. சும்மா கால் நனைச்சுட்டு, சுண்டல் சாப்பிட்டு வர்ற ஊரா இருக்கக் கூடாது. பசங்க கண்ணுல ஏதாவது படணும்" என்றாள். போகிறவர்கள் ஐந்து பேர். அக்கா, அத்தான், ஏழாவது படிக்கிற பையன், மூன்றாவது படிக்கிற பெண், எழுபது தாண்டிய அக்காவின் மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி. அத்தானுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. பையன் எதையும் இரண்டு தடவை கேள்வி கேட்பான். பெண்ணுக்கு ஒரு இடத்தில் பத்து நிமிடம்தான் பொறுமை.

சென்னையிலிருந்து தெற்கே கடலை ஒட்டிப் போகிறவர்களுக்கு, பழைய காலத்துச் சங்கதி பார்க்க வேண்டும் என்றால், முக்கியமாக மூன்று ஊர்கள் போட்டியில் நிற்கின்றன. மாமல்லபுரம், புதுச்சேரி, தரங்கம்பாடி. மூன்றுக்கும் பல தடவை போயிருக்கிறேன். முன்பெல்லாம் யாராவது கேட்டால் எந்த ஊரில் எத்தனை இடம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வேன். அது தப்பான கணக்கு என்று மெல்லத்தான் புரிந்தது. சில ஊர்கள் தானாகவே கண்ணுக்குக் காட்டிவிடும். சில ஊர்களுக்கு நாம்தான் கதையைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் நாலு சுவரும் ஒரு வேலியும்தான் தெரியும். யாரோடு போகிறோம் என்பதையும் இதையும் பொருத்திப் பார்த்தால் பாதி முடிவு வந்துவிடும்.

பக்கத்து ஊரிலிருந்து தொடங்குகிறேன். மாமல்லபுரம் சென்னையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு ஐந்து ரதத்தின் வாசலில் நிற்கலாம். காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு வந்து இறங்கி, பாறை சுடுகிறது, குழந்தை அழுகிறது என்று புலம்புகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். நான் கடைசியாகப் போனபோது தலைக்கு 40 ரூபாய் டிக்கெட். அதே டிக்கெட்டில் ஐந்து ரதத்தையும் கடற்கரைக் கோயிலையும் பார்க்கலாம். பதினைந்து வயதுக்குள் இருந்தால் டிக்கெட் இல்லை.

ஐந்து ரதம் கட்டிய கோயில் அல்ல, குடைந்தது. அங்கே கிடந்த பாறைகளை வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு கோயில் வடிவமாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு முறை நண்பரின் மகன் தர்மராஜ ரதத்தின் முன்னால் நின்று, "மேலே எல்லாம் அழகா முடிச்சிருக்காங்க, கீழே மட்டும் ஏன் அப்படியே விட்டுட்டாங்க? வீடு கட்டுறப்போ அஸ்திவாரம்தானே முதல்ல?" என்று கேட்டான். புத்தகம் படித்த பெரியவர்கள் யாரும் கேட்காத கேள்வி. கட்டுகிறவன் கீழிருந்து மேலே போவான், குடைகிறவன் மேலிருந்து கீழே வருவான். மேலே முடித்த வேலையின் மீது கல் தெறிக்காது, பாறையே நிற்பதற்கும் இடம் தரும். வேலை பாதியில் நின்றதால் அந்த முறை இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது. முழுதாக முடித்திருந்தால் பையனுக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது.

பாண்டவர் பெயர்களை நம்ப வேண்டாம், அவை பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை. நகுல சகாதேவ ரதத்தின் பின்பக்கம் மட்டும் தவறாமல் போய்ப் பாருங்கள். யானை படுத்திருக்கும்போது அதன் முதுகு எப்படி வளைந்திருக்குமோ அப்படி வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்று பெயர். அதற்குப் பக்கத்திலேயே ஒரு கல் யானையைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறான் சிற்பி. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள் என்று சொல்வதுபோல இருக்கும்.

ஊருக்கு நடுவில், சாலை ஓரத்திலேயே அந்தப் பெரிய புடைப்புச் சிற்பம். அர்ச்சுனன் தவமா, கங்கை இறங்கி வருவதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. நடுவில் இருக்கிற பிளவில் நாகங்கள் மேலேறி வருகின்றன. மேலே தொட்டி இருந்து அங்கிருந்து நிஜமாகவே தண்ணீர் விட்டிருப்பார்கள் என்கிறவர்கள் கங்கைக் கட்சி. குழந்தைகளுக்கு இந்த வழக்கு வேண்டாம், யானையின் காலடிக்குப் பக்கத்தில் பூனையைத் தேடச் சொல்லுங்கள். மேலே தவம் செய்கிற முனிவரைப் போலவே இரண்டு கையையும் தூக்கி நிற்கிறது பூனை. சுற்றிலும் எலிகள். பூனை திருந்திவிட்டது என்று நம்பிக் கும்பிடுகின்றனவோ என்னவோ. கொஞ்சம் தள்ளி ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. 1,300 வருடத்துக்கு முன்னால் யாரோ மானை உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்கிறார், மாடு கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. பத்து நிமிடப் பொறுமைக்காரிக்கு இந்த மூன்று விலங்கும் போதும், அரை மணி ஓடிவிடும்.

கடற்கரைக் கோயிலுக்கு வந்தால் கதை மாறுகிறது. இது பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில், அதாவது 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், கல்லை வெட்டி அடுக்கிக் கட்டிய கோயில். குடைந்த ரதத்தையும் கட்டிய கோயிலையும் ஒரே காலையில் பார்க்கிற வசதி வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. கடல் பக்கத்துச் சிற்பங்களில் முகம் மழுங்கிப் போயிருக்கும். உப்புக் காற்றுக்கு அதுதான் வேலை. சவுக்கு மரமும் பாறைக் கரையும் போட்டுத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

மாமல்லபுரம் யாரிடமும் விளக்கம் கேட்காது. 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது தெரியாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. குறை வேறு இடத்தில். ஐந்து ரதத்தைச் சுற்றி மணல், முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த மணல்தான் எதிரி. கடற்கரைக் கோயிலுக்கு வாசலிலிருந்து நடை கொஞ்சம் நீளம். வெண்ணெய் உருண்டைப் பாறை இருக்கிற குன்றில் சரிவும் படியும் உண்டு. உளிச் சத்தம் கேட்ட தெருக்களில் பாதி நேரம் கட்டர் மெஷின் சத்தம். கடலில் இறங்குவது ஆபத்து, கரையில் இருந்தே பார்க்கட்டும். முக்கியமாக, அது ஒரு நாள் ஊர். காலை ஏழு முதல் பத்தரை வரை, அப்புறம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல். மூன்று நாள் அங்கே உட்கார்ந்தால் இரண்டாம் நாள் மத்தியானம் டிவி பார்ப்பீர்கள்.

அடுத்தது பாண்டி. சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர். இந்த ஊரைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கோணலானது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, அதன் கீழே நின்று படம். இதற்காகப் போகிறவர்கள் ஊரின் கிழக்குப் பாதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1674 முதல் இங்கே இருந்தார்கள், சரி. ஆனால் 1761இல் ஆங்கிலேயர்கள் கோட்டையையும் ஊரையும் தரைமட்டமாக்கிவிட்டார்கள். ஆகவே பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்ஸ் நடந்த தெரு இருக்கும், துப்ளேக்ஸ் பார்த்த வீடு அநேகமாக இருக்காது. நாம் பார்க்கிற பிரெஞ்சுப் பகுதி பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தது.

நடுவில் ஓடுகிற வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். வைசியாள் வீதியில் திண்ணை, அதன் மேல் தெருவைப் பார்த்துச் சாய்ந்த தாழ்வாரம், மரத்தூண். சில வீடுகளில் கீழ்த்தளம் தமிழ் வீடு, மேல்தளம் பிரெஞ்சு வீடு. இரண்டு ஊரும் ஒரே சுவரில் குடித்தனம் செய்வதை இங்கேதான் பார்க்க முடியும். ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடும் இந்தப் பக்கம்தான். துப்ளேக்ஸுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736 முதல் 1761இல் சாகும்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் எப்போது வந்தது, யார் யாரை எங்கே வைத்துத் திட்டினார்கள் என்பது வரை அதில் இருக்கிறது. பாரதியார் 1908 முதல் 1918 வரை இந்த ஊரில்தான் இருந்தார். அவர் குடியிருந்த வீடு ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் நினைவு இல்லமாக இருக்கிறது. பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் தெருவில். பையனின் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் இருக்கிற இரண்டு பேரும் ஒரே நாளில் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கிறார்கள்.

இன்னொன்று அரிக்கமேடு. ஊருக்குத் தெற்கே, ஆற்றங்கரையில். ரோமாபுரியோடு வணிகம் நடந்த இடம். 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார், மத்தியதரைக் கடல் நாட்டு மது ஜாடித் துண்டுகள் கிடைத்தன. படித்தவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் போனால் அங்கே மாந்தோப்பு மாதிரி ஒரு இடமும் நிற்கிற செங்கல் சுவர்களும்தான். அந்தச் சுவரை ரோமானியக் கட்டடம் என்று நினைத்துப் படம் எடுக்கிறவர்கள் உண்டு. உண்மையில் அது 18ஆம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டடத்தின் மிச்சம். தோண்டி எடுத்ததைப் பார்க்க வேண்டும் என்றால் ஊருக்குள் பாரதி பூங்காப் பக்கம் இருக்கிற அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை. குடியரசு தினமும் அன்றைக்கே வருவதால் அக்காவுக்குச் சனிக்கிழமையை விட்டால் ஞாயிறுதான்.

பாண்டியின் பெரிய பலம், அது சமதரை ஊர். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விட மாட்டார்கள். மாமியார் மெல்ல நடந்துவிட்டு, காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற செஞ்சித் தூண்களுக்குப் பக்கத்தில் உட்காரலாம். மணல் எதிர்பார்த்துப் போகாதீர்கள், நீளத்துக்குக் கருங்கல் கொட்டியிருக்கும். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய தடுப்புகள், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துபோகிற மணலை மறித்துவிட்டதன் விளைவு அது. அண்மையில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு இந்த மூன்று ஊர்களில் பாண்டிதான் ராஜா, அத்தானுக்குப் பிரச்சினை இல்லை.

ஆரோவில்லைப் பலரும் சேர்த்துக்கொள்கிறார்கள். 1968இல் தொடங்கிய ஊர், மாத்ரிமந்திர் என்ற தியான மண்டபத்தின் தங்க உருண்டையை ஒரு கிலோமீட்டர் நடந்துபோய்த் தூரத்திலிருந்து பார்க்கலாம். உள்ளே போக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பாண்டியின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீண்ட லீவு என்றால் பாதிச் சென்னை அங்கே இருக்கும், அதில் பாதி பாட்டில் வாங்க வந்த கூட்டம். ஒரு முறை இதே மாதிரி மூன்று நாள் லீவில் முன்பணம் கட்டி அறை எடுத்திருந்தேன். இரவு ஒன்பது மணிக்குப் போய் நின்றால், விடுதிக்காரர் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, "சிஸ்டத்துல உங்க பேரே இல்லையே சார்" என்கிறார். பணம் மூன்று வாரம் கழித்து வந்தது. அன்றைக்கு இரவு கடலூர் போய்த் தூங்கினோம். பாண்டிக்குப் போக வேண்டும் என்றால் செவ்வாய், புதன் பாருங்கள். அதே ஊர், பாதி விலை, இரண்டு மடங்கு அமைதி.

இனி தரங்கம்பாடி. இங்கே கொஞ்சம் கூடுதலாகப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து 270 கிலோமீட்டருக்கு மேல், பாண்டியிலிருந்து இன்னும் 120. காரில் நிறுத்தி நிறுத்திப் போனால் ஆறு மணி நேரம். ரயிலில் மயிலாடுதுறை இறங்கி, அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் பஸ்ஸிலோ காரிலோ போகலாம். பொறையாறுக்குப் பக்கத்தில் கடல் பக்கம் திரும்பினால் ஒரு வெள்ளை வாசல் வரும், 1792இல் கட்டியது. டென்மார்க்கிலிருந்து வந்த டேனிஷ்காரர் ஆண்ட ஊருக்கு அதுதான் நிலவாசல். அதன் வழியாக ஸ்கூல் பையன்கள் சைக்கிளில் போய் வந்துகொண்டிருப்பார்கள், மீன் கூடையோடு ஒரு ஸ்கூட்டி வரும். உள்ளே நுழைந்தால் நேராக ராஜ வீதி, முடிவில் கடல். வாசலிலிருந்து அலை வரை பத்து நிமிட நடை. பார்க்க வேண்டியது எல்லாம் இந்தப் பத்து நிமிடத்துக்குள்ளும் அதன் இரண்டு பக்கத்திலும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் நடக்கலாம். நாற்காலி ஒன்றைப் போட்டு மாமியாரை உட்கார வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஊர்ப் பெயருக்கு அலைகள் பாடும் இடம் என்று எல்லோரும் பொருள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கே இருக்கிற மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்கிறது. பாண்டியன் குலசேகரன் காலத்தில், 1306இல் எழுந்த கோயில். டேனிஷ்காரன் வருவதற்கு முன்னாலேயே இங்கே ஊர் இருந்தது, துறை இருந்தது. கோயிலின் முன்பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரையில் கல் கொட்டி மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கோட்டை 1620இல் தொடங்கியது. தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்கு இடம் கொடுத்து எழுதிய பொன் ஓலை இன்றும் டென்மார்க்கில் இருக்கிறது. டான்ஸ்போர்க் என்று கோட்டைக்குப் பெயர். கோட்டை என்றதும் செஞ்சி மாதிரியோ வேலூர் மாதிரியோ நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். மதிலுக்குள் ஒரு திடல், கடல் பக்கம் ஒரு மாடிக் கட்டடம், அவ்வளவுதான். கீழ்த்தளத்தில் வளைந்த கூரை போட்ட அறைகள். மேலே ஆளுநர் குடியிருந்த இடம், இப்போது அருங்காட்சியகம். பீங்கான், காசு, பழைய கையெழுத்து நகல்கள். ஐந்து நிமிடத்தில் சுற்றிவிட்டு, "இதுக்கா ஆறு மணி நேரம்?" என்று அத்தான் கேட்கக்கூடும். நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாம் தடவை போவதற்கு முன்னால் சீகன்பால்குவைப் பற்றிப் படித்திருந்தேன். அதே கோட்டை வேறு மாதிரி இருந்தது. 1706 ஜூலையில் 24 வயதைத் தொடும் நேரத்தில் வந்து இறங்கிய ஜெர்மன்காரர். டேனிஷ் மன்னர் அனுப்பிய பாதிரியார், ஆனால் இங்கிருந்த டேனிஷ் தளபதிக்கே அவரைப் பிடிக்கவில்லை. வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று 1708இல் பிடித்து இந்தக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்துவைத்தார். மன்னர் அனுப்பிய ஆளை மன்னரின் ஆளே சிறையில் போட்ட கதை. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர் அவர். அச்சு இயந்திரம் வந்தது, தமிழ் எழுத்து ஜெர்மனியில் வார்த்து வந்தது. அந்த எழுத்து அளவில் பெரியது, காகிதம் ஏகமாகத் தின்றது. அதனால் சின்ன எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். காகிதம் செய்யப் பக்கத்திலேயே பட்டறை போட்டார்கள், பொறையாறு அருகே கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப் பெயர் இன்னும் இருக்கிறது. புதிய ஏற்பாடு 1715க்குள் தமிழில் அச்சாகி முடிந்தது. தமிழில் முதல் அச்சு இங்கேதான் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள், அது சரியில்லை. 1578இலேயே கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது.

எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விவரமாக ஒரு நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். இவரை எதற்கு அனுப்பினோம், இவர் என்ன எழுதிக்கொண்டிருக்கிறார் என்று மேலிடம் அதை அச்சிடவில்லை. 1867இல்தான் அச்சுக்கு வந்தது. அதற்குள் அவர் இறந்து கிட்டத்தட்ட 150 வருடம். 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம், இறந்தபோது 36 வயது. அந்த ஆலயத்தின் கதவு திறந்திருந்தால் உள்ளே போய் உட்காருங்கள். வெளியே கடல் இரைச்சல், உள்ளே மின்விசிறிச் சத்தம், வேறொன்றும் இருக்காது.

1845இல் இந்த ஊரையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஆங்கிலேயருக்கு நாகப்பட்டினம் இருந்ததால் இது தேவைப்படவில்லை. ஊர் அப்படியே நின்றுபோனது. இடித்துக் கட்டப் பணம் இல்லாததால்தான் தெரு பிழைத்தது என்பது என் எண்ணம். சுனாமி இந்த ஊரை மோசமாக அடித்தது. அதற்குப் பிறகு பழைய வீடுகள் சிலவற்றைச் சீர்செய்தார்கள். கடலைப் பார்த்த பழைய பங்களா ஒன்று இப்போது தங்கும் விடுதி, விலை கொஞ்சம் உறைக்கும். அறைகளும் மிகக் குறைவு, நீண்ட லீவுக்கு முன்கூட்டியே பதிய வேண்டும். சுமாரான விலைக்கு வேண்டும் என்றால் காரைக்காலிலோ திருக்கடையூரிலோ தங்கலாம், இரண்டும் அரை மணிக்குள். சாப்பாட்டுக்கும் ஊருக்குள் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், பொறையாறு மெஸ்களை நம்பலாம். தமிழக அரசு அருங்காட்சியகங்களுக்கு வழக்கமாக வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். பாண்டியில் திங்கள், இங்கே வெள்ளி, கலந்து திட்டம் போடுகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

இவ்வளவு தூரம் போய் 20 கிலோமீட்டரில் இருக்கிற பூம்புகாரை விடலாமா என்று கேட்பார்கள். காவிரி கடலில் கலக்கிற இடம், சோழர் துறைமுகம், கண்ணகி கோவலன் ஊர். சொல்லச் சொல்ல ஆசை வரும். ஆனால் அந்த ஊர் கண்ணில் இல்லை. கீழையூரில் தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறையின் அடித்தளம் இருக்கிறது, மரக் கம்பங்களோடு கிடைத்தது, கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டு. பல்லவனேசுவரத்தில் புத்த விகாரத்தின் அடித்தளம். சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973இல் திறந்தது, கதை சொல்லும் சிற்பங்கள், பிள்ளைகளுக்கு நல்லது. மற்றபடி பூம்புகார் என்பது கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக் கற்பனை செய்துகொள்கிற ஊர். இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

மூன்றையும் ஒரே பயணத்தில் சுருட்டலாமா என்றால், ஒரு தடவை செய்தேன். காலையில் ரதம், மத்தியானம் பாண்டி, மறுநாள் தரங்கம்பாடி, பூம்புகார், இரவோடு இரவாகத் திரும்பல். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தபோது எந்தச் சர்ச் எந்த ஊர் என்று மனைவிக்கும் எனக்கும் சண்டை. இரண்டைச் சேர்க்கலாம் என்றால் மாமல்லபுரமும் பாண்டியும்தான் சேரும், நடுவில் 95 கிலோமீட்டர். வழியில் கல்பாக்கம் பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையும், பூவேலை செய்த டச்சுக் கல்லறைகளும் இருக்கின்றன. இன்னும் தெற்கே கடப்பாக்கத்துக்கு அருகில் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் துப்ளேக்ஸ் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயர் இடித்த செங்கல் மதில், காலடியில் உப்பங்கழி. சாயங்கால வெயிலில் அந்த மதில் மேல் நின்றால் பாண்டிக்குப் போகவே தோன்றாது. அங்கே நிழலும் கிடையாது, கடையும் கிடையாது, தண்ணீர் பாட்டில் கையில் வேண்டும்.

அக்காவுக்கு நான் கொடுத்த தீர்ப்பு இதுதான். முதல் தடவை, குழந்தைகளோடு என்றால் மாமல்லபுரம், யோசிக்கவே வேண்டாம். சனிக்கிழமை மத்தியானம் போய் ஒரு இரவு தங்கி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு ரதத்தில் நில்லுங்கள். மாமியாரைக் கடற்கரைக் கோயிலுக்கு மட்டும் கூட்டிப் போங்கள், மணலில் இழுக்காதீர்கள். ஞாயிறு மத்தியானமே திரும்பிவிட்டால் திங்கள் வீட்டில் ஓய்வு. பாண்டி இந்த லீவுக்கு வேண்டாம், கூட்டத்தில் தொலைந்துபோவீர்கள். பையன் பத்தாவது முடித்த பிறகு, பிள்ளைகள் படித்துவிட்டுக் கேள்வி கேட்கிற வயதில், தரங்கம்பாடி. எனக்கு ஒரே ஒரு ஊர்தான் என்றால் நான் தரங்கம்பாடிக்குத்தான் போவேன், ஆனால் இது என் பயணம் அல்லவே.

எல்லாவற்றையும் வாட்ஸப்பில் நீளமாக எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் இரவு போன்.

"நீ எழுதினதை அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன். மாமல்லபுரம், பாண்டி எல்லாம் கேட்டுட்டுச் சும்மா இருந்தாங்க. திருக்கடையூர்னு ஒரு இடத்துல எழுதியிருக்கேல்ல, அது அபிராமி கோயில்தானேன்னு கேட்டாங்க. ஆமா, தரங்கம்பாடியிலருந்து எட்டு கிலோமீட்டர்னேன். அப்போ அங்கேயே போயிடலாம்னுட்டாங்க. அத்தான் ரயில் டிக்கெட் பார்த்துட்டிருக்காரு."

மயிலாடுதுறைக்கு லீவு நாளில் டிக்கெட் கிடைப்பது கஷ்டம், காத்திருப்புப் பட்டியல்தான் வரும், காரிலேயே போங்கள் என்றேன். அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் கடலூர் நெரிசலுக்கு முன்னால் தாண்டிவிடலாம். அப்புறம், போகிற வழியெல்லாம் பையனுக்குச் சீகன்பால்கு கதையைச் சொல்லிக்கொண்டே போ என்றேன்.

"யாரு, எனக்கே சொல்ல வராதே அந்தப் பேரு" என்றாள் அக்கா. சரி, நாளைக்குப் பையனிடம் போனைக் கொடு, நான் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.